குமிழி ஏறும் வேகம்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ஒரு தை மாதக் குளிரில் எனக்கு வேடிக்கை காட்டினார். கல்லாவுக்குப் பின்னாலிருந்த தட்டிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தார். இரண்டிலும் தெளிந்த திரவம். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றில் காற்றுக்குமிழி சட்டென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. மற்றதில் அது பழனிப் படி ஏறும் கிழவரைப்போல நிதானமாக ஏறியது.

"பாத்தீங்களோ அண்ணை? இது ஓடும், அது நடக்கும். ரெண்டையும் கலந்தாத்தான் எங்கட யாவாரம்."

ஓடியது புரோப்பிலீன் கிளைக்கால். நடந்தது கிளிசரின். கடையில் பி.ஜி., வி.ஜி. என்றால்தான் தெரியும். இ-சிகரெட்டில் ஊற்றும் திரவத்தில் நிகோடினும் வாசனைச் சரக்கும் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்த கலவை. அதற்குப் பெயர் 'பேஸ்'. இட்லிக்கு அரிசி, உளுந்து அளவுபோல இதற்கும் ஆளுக்கொரு கணக்கு உண்டு. அம்பதுக்கு அம்பதா, எழுபதுக்கு முப்பதா என்று தினம் யாராவது வந்து கேட்கிறார்களாம். எனக்குப் புகையிலை வழியாகவும் ஆவி வழியாகவும் எந்தப் பழக்கமும் கிடையாது. ஆனால் நடந்து ஏறிய அந்தக் குமிழியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பழகிய முகம் ஒன்றை வெளியூரில் பார்த்தது போலிருந்தது.

கிளிசரினை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வாய்ப்புண் வந்தால் பஞ்சில் தொட்டு நாக்கில் தடவுகிற போராக்ஸ் கிளிசரின். தித்திப்பாக இருக்கும், துப்ப மனசு வராது. சினிமாவில் அம்மா நடிகைகள் அழுவதற்குக் கண்ணில் விட்டுக்கொண்டதும் அதுதான். 'கிளிசரின் கண்ணீர்' என்றால் இன்றைக்கும் பொய் அழுகை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளைக் குவித்து, நடுவில் குழித்து, அதில் நாலு சொட்டு கிளிசரின் விடுவார். ஒன்றும் நடக்காது. பின் பெஞ்சு சிரிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து, தீக்குச்சி இல்லாமலே குப்பென்று பற்றும். ஒரே பொருள் புண்ணை ஆற்றுகிறது, பொய்யாக அழுகிறது, தானாகத் தீப்பிடிக்கிறது.

இது பிறந்த இடம் ஒரு மருந்துக்கடை. ஸ்வீடனில் ஷோப்பிங் என்ற சிற்றூரில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்தாளர் இருந்தார். 1779 வாக்கில், ஆலிவ் எண்ணெயையும் மிருதார்சிங்கியையும் சேர்த்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மிருதார்சிங்கி நம் நாட்டு மருந்துக்கடையில் களிம்புக்குக் கேட்டு வாங்குகிற அதே ஈயச் சரக்குதான். அவர் செய்ததும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரிதான். காய்ச்சிக் கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டாமல் சுண்ட வைத்தார். பாகு போல ஏதோ நின்றது. எதைக் கண்டாலும் நாக்கில் வைத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு. ஈயத்தோடு வெந்ததையும் வைத்துப் பார்த்தார். இனித்தது. எண்ணெய்க்குள் இனிப்பு! நாற்பத்து மூன்று வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த நாக்கு அதற்கு எவ்வளவு காரணம் என்று வேதியியல்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

கிரேக்கத்தில் இனிப்புக்கு உள்ள சொல்லை வைத்து 1811-ல் 'கிளிசரின்' என்று பெயர் சூட்டியவர் பிரான்சின் மிஷேல் ஷெவ்ரல். கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் கைகோத்து நிற்பது, சோப்பு காய்ச்சும்போது அந்தக் கை விட்டுப்போகிறது என்று விளக்கியவரும் அவர்தான். ஷீலேக்குக் கிடைக்காத ஆயுளையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர் போல, இவர் 102 வயது வரை இருந்தார்.

பெயர் வைத்தார்களே தவிர, வேலை கொடுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, சோப்புக்காரர்கள் சோப்பை எடுத்துக்கொண்டு, அடியில் நிற்கும் உப்புக்கழிவோடு கிளிசரினையும் சாக்கடையில் விட்டார்கள். 1847-ல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரெரோ அதை நைட்ரிக், சல்ஃபியூரிக் அமிலங்களோடு சேர்த்து நைட்ரோகிளிசரின் செய்தார். அவரும் நாக்கில் துளி வைத்தார், பாருங்கள்! இனித்தது, கூடவே மண்டை பிளக்கும் தலைவலி. அந்தத் தலைவலியின் காரணம் பின்னாளில் இதய நோயாளிக்கு மருந்தாயிற்று. ரத்தக்குழாய் விரிகிறது என்பதுதான் விஷயம். இடையில் ஆல்ஃபிரெட் நோபல் 1867-ல் அதை ஒருவகை மண்ணில் ஊறவைத்து டைனமைட் ஆக்கிவிட்டார். சாக்கடைக்குப் போன சரக்கை அதன்பிறகுதான் சோப்புக்காரர்கள் பிடித்து நிறுத்தி விலை சொன்னார்கள். நீலகிரியில் அரவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1903-ல் வந்தது. கார்டைட் என்பதே நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்து. குன்னூர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலைத் தோட்டம் பார்ப்பவர்கள் கிளிசரினின் முரட்டு வாலிபத்தையும் சேர்த்துத்தான் கடக்கிறார்கள்.

அந்த வாலிபம் ஓய்ந்தபின் வந்த சாதுவான உத்தியோகங்கள்: பற்பசை, முகக்கிரீம், இருமல் மருந்து, கேக்கின் ஈரம். உணவுப் பொட்டலத்தில் 422 என்ற எண்ணைப் பார்த்தால் அது இவர்தான்.

ஈஸ்ட்ஹாம் பாட்டிலில் 'வெஜிடபிள்' என்று போட்டிருந்தது. கசாப்புக் கொழுப்பிலிருந்தும் கிளிசரின் வரும் என்பதால் அந்த அடைமொழி. மற்றபடி மூலக்கூறில் சைவம், அசைவம் கிடையாது. பெரும்பாலும் பனையெண்ணெய், கொஞ்சம் தேங்காயெண்ணெய். எண்ணெயைப் பெரிய கோபுரத்துக்குள் கீழிருந்து மேலாக விட்டு, எதிரே மேலிருந்து 250 டிகிரி சூட்டில், கடும் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துகிறார்கள். கொழுப்பமிலம் மேலே போகிறது. கீழே வடிவதை ஆலைக்காரர்கள் 'ஸ்வீட் வாட்டர்' என்கிறார்கள். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்துக் கிலோ கிளிசரின் தேறும். தண்ணீரைச் சுண்டவைத்தால் பழுப்பாக ஒரு பாகு நிற்கும். அதைக் காய்ச்சி வடித்து, கரியில் வடிகட்டினால்தான் மருந்துத் தரம், 99.7 சதவீதம்.

அந்தக் காய்ச்சி வடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிளிசரின் கொதிப்பது 290 டிகிரியில். அவ்வளவு சூட்டை நேராகக் காட்டினால் அது ஆவியாவதோடு நில்லாமல் உடையவும் செய்யும். தண்ணீரை விட்டுவிட்டு அக்ரோலின் என்ற காரமான வாயுவாக மாறும். அக்ரோலினை உங்களுக்கு முகர்ந்த அனுபவம் இருக்கிறது. பலகாரச் சட்டியில் எண்ணெய் தீய்ந்து, கண் எரிந்து, மூக்கில் ஏறுமே, அந்த நெடியில் அதற்குப் பெரிய பங்கு. அதனால் ஆலையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெற்றிடத்தில், குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைக்கிறார்கள். இவ்வளவு பதவிசாகக் காப்பாற்றிய பொருளைக் கடைசியில் ஒரு சின்னக் கம்பிச் சுருளில் ஊற்றி, சாதாரணக் காற்றில், ஒரு மிடறு இழுக்கும் நேரத்தில் சூடேற்றுகிறோம்.

மற்ற பாட்டிலில் ஓடியவருக்குப் பழங்கதை அதிகம் இல்லை. புரோப்பிலீன் கிளைக்காலை 1859-ல் பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ் செய்தார். இன்றைக்குப் பெட்ரோலிய ஆலையிலிருந்து வருகிறது. நாடக மேடையில், டான்ஸ் ஃப்ளோரில் புகை விடும் யந்திரத்தில் ஊற்றுவதும் பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம்தான். 2003-ல் சீனாவின் ஷென்யாங் நகரத்து மருந்தாளர் ஹோன் லிக், தானே சிகரெட்டிலிருந்து விடுபடத் தேடி, நிகோடினை இதில் கரைத்து ஆவியாக்கும் கருவியைச் செய்தார். அவர் அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். கருவியின் பெயர் 'ரூயான்', 'புகைபோல' என்று பொருள். ஆகக்கூடி இந்தக் கதையைத் தொடங்கியவரும் மருந்தாளர், இந்தத் திருப்பத்தைக் கொடுத்தவரும் மருந்தாளர்.

நண்பரின் கடைக்கே வருவோம். 20 டிகிரியில் கிளிசரின் தண்ணீரைவிடச் சுமார் 1,400 மடங்கு தடிமன். பி.ஜி. ஐம்பது, அறுபது மடங்குதான். விகிதம் பற்றிய சண்டையெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளம்புகிறது. கருவிக்குள் ஒரு பஞ்சுத் திரி, அதைச் சுற்றியோ அதற்குள்ளோ கம்பிச் சுருள். திரி குடித்த திரவத்தைச் சுருள் ஆவியாக்கும். விளக்குத்திரி எண்ணெய் குடிப்பது போலத்தான். பேனா அளவுள்ள சின்னச் சாமானில் திரிக்குப் போகிற துளை பொடியாக இருக்கும்.

"உந்தச் சின்னச் சாமானுக்கு எழுபது முப்பது ஊத்தினா திரி குடிக்காது அண்ணை. குடிக்காட்டில் காயும். காஞ்சா கருகும். கருகினா ஆள் திரும்பி வந்து என்னைத்தான் பேசும்."

அதனால் அதற்கு அம்பதுக்கு அம்பது. சிகரெட்டை விட்டு வருகிறவர்கள் தொண்டையில் ஒரு பிடிப்பு தேடுவார்கள், அதைத் தருவது பி.ஜி.; வாசனையையும் அது நன்றாகச் சுமக்கும். சிலருக்கு அதுவே தொண்டையை அறுக்கும், அவர்கள் வி.ஜி. பக்கம் நகர்வார்கள். ஒரு ஓமுக்கும் குறைந்த சுருள் போட்ட பெரிய டேங்கில் எழுபது முப்பது. மேகம் மேகமாக வெள்ளை ஆவி, இழுப்பது மென்மை, லேசான தித்திப்பு. இரண்டுமே ஈரத்தை உறிஞ்சும் பொருள்கள் என்பதால் எதை எடுத்தாலும் வாய் வறளும். குளிர் இன்னொரு கணக்கு. பூஜ்ஜியம் டிகிரியில் கிளிசரின் 20 டிகிரியில் இருப்பதைப்போல எட்டு மடங்குக்கு மேல் தடித்துவிடும். ராத்திரி காரில் மறந்து வைத்துவிட்டு, காலையில் இழுத்து, தீய்ந்த சுவை வந்து, பாட்டில் கெட்டுப்போச்சு என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டாம்.

வீட்டில் தானே கலக்குபவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். விகிதம் சொல்வது கன அளவில், ஆனால் இவர்கள் தராசில் நிறுக்கிறார்கள். நூறு மில்லியில் எழுபது முப்பது வேண்டுமென்றால் கிளிசரின் 88 கிராம், பி.ஜி. 31 கிராம். எழுபது கிராம், முப்பது கிராம் என்று நிறுத்தால் உண்மையில் வருவது 66-க்கு 34. கிளிசரின் அடர்த்தியான சரக்கு, லிட்டர் 1.26 கிலோ.

சட்டமும் கலவையில் கை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுப் புகையிலை நெறிமுறை 2016-ல் நடைமுறைக்கு வந்தது; பிரிட்டன் பிரிந்த பிறகும் அதே அளவுகளை வைத்துக்கொண்டது. நிகோடின் உள்ள பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது. வியாபாரி சும்மா இருப்பாரா? நிகோடினே இல்லாத 50 மில்லியை 60 மில்லி பாட்டிலில் ஊற்றி, தலையில் காலியிடம் விட்டு விற்கிறார்கள். பெயர் ஷார்ட்ஃபில். கூடவே 18 மில்லிகிராம் 'நிக் ஷாட்' ஒன்று, 10 மில்லி. வாங்கியவர் அதை இதில் கவிழ்த்தால் 180-ஐ 60-ஆல் வகுத்து மில்லிக்கு 3 மில்லிகிராம். பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று: ஷாட் அம்பதுக்கு அம்பதாக இருந்தால், லேபிளில் எழுபது என்றிருந்த வி.ஜி. அந்த நொடியிலேயே 67-க்கும் கீழே இறங்கிவிடும். நாக்குக்குத் தெரியாத வித்தியாசம்தான். ஆனாலும் எழுபதுதான் வேண்டும் என்று அடம்பிடித்துப் பணம் கொடுத்தவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

விகிதத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் அந்தத் திரவம் எது என்று கேட்பதில்லை. எனக்கு உறுத்துவது அங்கேதான். குமிழியையும் இனிப்பையும் வைத்து இந்தச் சரக்கை எடைபோடுவது ஷீலே காலத்துப் பழக்கம். அந்தப் பழக்கம் உயிர் வாங்கியிருக்கிறது.

2019-ல் அமெரிக்காவில் ஆவி இழுத்த இளைஞர்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி 18 வரை கணக்கெடுத்ததில் 2,807 பேர், இறந்தவர்கள் 68. பெரும்பாலோர் இழுத்தது கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெய். அந்தச் சந்தையில் வாங்குகிறவர்கள் சரக்கு சுத்தமா என்று பார்க்கக் குழலைக் கவிழ்த்து, குமிழி மெதுவாக ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். மெதுவாக ஏறினால் தண்ணீர் கலக்காத கெட்டி எண்ணெய் என்று நம்பிக்கை. விற்கிறவர்களுக்கும் அது தெரியும். வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளைக் கலந்தார்கள். எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் குமிழி நடந்துதான் ஏறியது. மாத்திரையில் விழுங்கினாலும் தோலில் தடவினாலும் ஒன்றும் செய்யாத அந்தப் பொருள், நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் தென்பட்டது. கிளிசரின் எண்ணெயிலிருந்து வந்தாலும் எண்ணெய் இல்லை, தண்ணீரில் கரையும். 'வெஜிடபிள்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுச் சமையலறை எண்ணெயும் வாசனை எண்ணெயும் இதற்கு உறவு என்று நினைப்பது ஆபத்து.

இனிப்பின் கதை இன்னும் பழையது. டைஎத்திலீன் கிளைக்கால் என்று ஒன்று உண்டு. அதுவும் தெளிந்தது, அதற்கும் வாசமில்லை, அதுவும் இனிக்கும், விலை குறைவு, சிறுநீரகத்தைக் கொல்லும். 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தை அதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மறு வருடமே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. நாம் பாடம் படித்தோமா? 1972-ல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள், மருந்தில் சேர்த்த புரோப்பிலீன் கிளைக்காலில் இது இருந்தது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேர். அங்கே கொடுத்தது கிளிசரின், கலந்திருந்தது இது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபது குழந்தைகளாவது போனார்கள். தமிழக அரசின் ஆய்வில் அந்த மருந்தில் இருந்தது 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1. நல்ல பி.ஜி.யையும் இதையும் ஒரு தாயின் நாக்கு எப்படிப் பிரித்தறியும்?

இ-சிகரெட்டும் இதற்கு வெளியே நிற்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-ல் சில குப்பிகளைச் சோதித்தபோது ஒன்றில் இதே டைஎத்திலீன் கிளைக்கால் சுமார் ஒரு சதவீதம் இருந்தது. அதனால்தான் 'பேஸ்' வாங்குகிறவர்கள் விகிதத்தைக் கேட்கும் முன் மருந்துத் தரமா, எந்தத் தொகுதி எண், சோதனைச் சான்று உண்டா என்று கேட்கவேண்டும் என்கிறேன். அதுவும் போதாது. மருந்துத் தரம் என்கிற முத்திரை வயிற்றுக்கும் தோலுக்கும் கொடுத்தது. நுரையீரல் வாசலில் அந்தச் சீட்டு செல்லுமா என்பது வேறு கேள்வி. பல வருடம் தினமும் இழுத்தவர்களின் நுரையீரல் பதில் சொல்ல, அந்தப் பழக்கத்துக்கு இன்னும் போதிய வயதாகவில்லை. திரி நனைந்திருக்கும் வரை ஆவியாகும் திரவமே சுருளின் சூட்டை அடக்கி வைக்கிறது. திரி காய்ந்ததும் சூடு எகிறி, ஆலைக்காரர் வெற்றிடம் வைத்துத் தடுத்த அதே அக்ரோலின் வாய்க்குள் வருகிறது. பயனாளிகள் 'டிரை ஹிட்' என்கிறார்கள். என் அம்மாவாக இருந்தால் "சட்டி தீயுது பார்" என்றிருப்பாள்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கே கடை இல்லை. தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது, 2019-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. செய்வது, விற்பது, இறக்குமதி, விளம்பரம் எல்லாம் குற்றம், முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் பள்ளிப் பையன்களின் பைகளில் பேனா போல ஏதோ அகப்பட்டது என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் ஊற்றியிருப்பது எழுபது முப்பதா என்பதா அங்கே கவலை? எந்த டிரம்மிலிருந்து வந்தது என்று சொல்ல ஆளே இல்லாத சரக்கு அது.

இதையெல்லாம் நண்பரிடம் கொட்டினேன். அவர் மறுக்கவில்லை. கிளிசரின் பாட்டிலைத் திருப்பி லேபிளை என்னிடம் காட்டப் போனார். 'வி.ஜி.' என்று கட்டை விரல் அகலத்தில் இருந்தது. மற்றதெல்லாம் எறும்பு வரிசை.

"கண்ணாடிக்கும் தெரியேல்லை அண்ணை." கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினார். தொகுதி எண் இருந்தது, காலாவதி இருந்தது, எந்த நாட்டில் அடைத்தது என்று இருந்தது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றோ, யார் சோதித்தது என்றோ தேடிக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது.

வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு வாலிபன், தோளில் பனி. எழுபது முப்பது ஒன்று கேட்டான். நண்பர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவன் காசைப் போடும் முன் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான்.